ராணுவ நம்பர் உண்டு, உரிமை கோர ஆள் இல்லை: வில்லியனூரிலும் பாகூரிலும் ஒரு முன்னாள் படைவீரர் தனியாக இறந்தால் என்ன நடக்கும்?

ஒரு கற்பனை. வில்லியனூர் ரயில் நிலையத்துக்கு வெளியே, அல்லது பாகூர் ஏரிக்கரையில், எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் காலையில் இறந்து கிடக்கிறார். கையில் ஒரு துணிப்பை. அதில் வேட்டி, மாத்திரை அட்டை, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஏதோ பழைய காகிதம். டீக்கடைக்காரர் அவரைப் பார்த்திருக்கிறார். 'மிலிட்டரி தாத்தா' என்றுதான் அந்தப் பக்கம் கூப்பிடுவார்கள். ஊர் எது, பெயர் என்ன என்று யாருக்கும் தெரியாது.

போலீஸ் வரும், போட்டோ எடுக்கும், உடல் அரசு மருத்துவமனைப் பிணவறைக்குப் போகும். சில நாள் காத்திருப்பார்கள். யாரும் வரவில்லை என்றால் 'அடையாளம் தெரியாத ஆண் சடலம், வயது சுமார் 70' என்று பதிவேட்டில் ஒரு வரி விழும். அதோடு ஃபைல் மூடப்படும்.

இதில் எரிச்சலான விஷயம் என்னவென்றால், இந்த மனிதர் உண்மையிலேயே ராணுவத்தில் இருந்தவராக இருந்தால், இந்த நாட்டில் மிகத் துல்லியமாகப் பதிவு செய்யப்பட்ட மனிதர்களில் அவரும் ஒருவர். அவருக்கு ஒரு எண் இருக்கிறது. உயரம், உடலில் உள்ள மச்சம், தழும்பு, சொந்த ஊர், அடுத்த உறவினர் யார் என்பது வரை ஒரு ரெஜிமென்ட்டின் ஆவண அலுவலகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த அலுவலகத்துக்கும் பிணவறைக்கும் நடுவில் ஒரு போன் கால்தான் இடைவெளி. அந்த ஒரு காலைச் செய்வது யாருடைய வேலை?

சட்டம் என்ன சொல்கிறது?

இயற்கைக்கு மாறான அல்லது சந்தேகத்துக்குரிய மரணம் என்றால் போலீஸ் பிரேத விசாரணை நடத்த வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவு; 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-வது பிரிவு. எப்படி இறந்தார் என்பதுதான் அந்த விசாரணையின் மையக் கேள்வி. யார் என்பது அதற்குத் துணைக் கேள்விதான். கொலை இல்லை, விபத்து இல்லை, முதுமையும் பசியும்தான் காரணம் என்று தெரிந்துவிட்டால், சட்டத்தின் ஆர்வம் அங்கேயே குறைந்துவிடுகிறது.

உரிமை கோரப்படாத உடலை என்ன செய்வது என்பதில் இன்னொரு சட்டமும் வருகிறது. தமிழ்நாட்டில் 1951-ஆம் ஆண்டின் உடற்கூறியல் சட்டம் போல, பல மாநிலங்களில் இப்படிப்பட்ட உடல்களை மருத்துவக் கல்லூரிகளின் உடற்கூறியல் துறைக்குக் கொடுக்க வழி இருக்கிறது. மருத்துவ மாணவர்களுக்கு உடல் தேவை, அதில் சந்தேகமே இல்லை. அரியூர், கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம், மதகடிப்பட்டு என்று புதுச்சேரியின் கிராமப்புறத்தில் மருத்துவக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. உயிரோடு இருக்கும்போதே எழுதிக்கொடுத்து உடல்தானம் செய்வது பெரிய விஷயம். ஆனால் எழுதிக்கொடுக்காத ஒருவரின் உடலை, அவருக்குக் கேட்க ஆள் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எடுத்துக்கொள்வதைத் தானம் என்று சொல்ல முடியாது.

நீதிமன்றங்கள் இந்த இடத்தில் தெளிவாகவே பேசியிருக்கின்றன. அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் கண்ணியம் உயிரோடு இருப்பவருக்கு மட்டுமல்ல, இறந்த உடலுக்கும் உண்டு என்று 1995-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வீடற்றவர்களுக்காக ஆஸ்ரய் அதிகார் அபியான் தொடுத்த வழக்கில், 2002-ல், கேட்பாரற்று இறந்தவர்களுக்கும் அவரவர் மத வழக்கப்படி முறையான இறுதிச்சடங்கு கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கையை நீதிமன்றம் பரிசீலித்து, அது அரசின் பொறுப்பு என்பதை உறுதிசெய்தது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், இறந்தவர்களின் கண்ணியம் பற்றி தேசிய மனித உரிமை ஆணையம் தனியாக ஒரு அறிவுரையே வெளியிட வேண்டி வந்தது.

அந்த அறிவுரைக்கு ஒரு வருடம் முன்பு புதுச்சேரியில் நடந்ததை இந்த ஊர் மறந்திருக்காது. 2020 ஜூனில், கொரோனாவில் இறந்த ஒருவரின் உடலைப் பாதுகாப்பு உடை அணிந்த ஊழியர்கள் குழிக்குள் தூக்கி எறியும் வீடியோ செல்போன் செல்போனாகப் பரவியது. விசாரணைக்கு உத்தரவு போட்டார்கள். அந்த மனிதருக்குப் பெயர் இருந்தது, குடும்பம் இருந்தது, கேமராவும் இருந்தது. மூன்றும் இல்லாதவருக்கு என்ன நடக்கும் என்பதை யோசிக்க ரொம்ப கற்பனை தேவையில்லை.

'பென்ஷன் வாங்குறவர் எப்படி அநாதை ஆவார்?'

இதைக் கேட்டால் பலரும் முதலில் சொல்வது இதுதான். மிலிட்டரிக்காரர் என்றால் பென்ஷன், கேன்டீன் கார்டு, ஊரில் ஒரு மாடி வீடு. உண்மையில் கணக்கு வேறு. ஜவான் முதல் சுபேதார் மேஜர் வரையிலான படிநிலைகளில் பென்ஷன் கிடைக்கக் குறைந்தது 15 ஆண்டு பணி வேண்டும். 1962 சீனப் போர், 1965, 1971 பாகிஸ்தான் போர்களின் நெருக்கடியில் சேர்க்கப்பட்டு, சில ஆண்டுகளிலேயே வெளியே அனுப்பப்பட்டவர்கள் நிறைய. பணிக்காலம் முடியும் முன் உடல்நிலை, குடும்பப் பிரச்சினை என்று விலகியவர்களும் உண்டு. இவர்கள் முன்னாள் படைவீரர்கள்தான், ஆனால் பென்ஷன்தாரர்கள் அல்ல.

இப்படி வறுமையில் இருக்கும் 65 வயதுக்கு மேற்பட்ட, பென்ஷன் இல்லாத முன்னாள் படைவீரர்களுக்கும் விதவைகளுக்கும் மத்திய சைனிக் வாரியம் மாத உதவி தருகிறது. நீண்ட காலம் 4,000 ரூபாயாக இருந்த அந்தத் தொகை 2025 நவம்பர் முதல் 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் விண்ணப்பம் போட டிஸ்சார்ஜ் புக் வேண்டும், அடையாள அட்டை வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், அலுவலகம் அலுவலகமாக நடக்கக் கால் வேண்டும். வீட்டை விட்டு வெளியேறி, கோயில் வாசலில் படுத்திருப்பவரிடம் இதில் எது இருக்கும்?

பென்ஷன் வாங்குபவர் மட்டும் பாதுகாப்பாக இருக்கிறாரா என்றால், அதுவும் இல்லை. ஒவ்வொரு நவம்பரிலும் 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று சான்று கொடுக்க வேண்டும். 2014 முதல் ஜீவன் பிரமாண் என்ற பெயரில் கைரேகையாலோ, இப்போது முகப்பதிவாலோ செல்போனிலேயே முடித்துவிடலாம். கொடுக்கவில்லை என்றால் பென்ஷன் நின்றுவிடும். அதாவது ஒருவர் திடீரென்று காணாமல் போனால், அது முதலில் தெரிவது ஒரு கம்ப்யூட்டருக்கு. அந்தக் கம்ப்யூட்டர் பணத்தை நிறுத்துகிறது. ஆள் எங்கே என்று தேடச் சொல்லி யாரையும் அனுப்புவதில்லை.

அக்னிவீர் திட்டம் இந்தக் கேள்வியை அடுத்த தலைமுறைக்கும் கொண்டுபோகிறது. 2022-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடிந்து வெளியே வருபவர்களுக்கு ஒரு தொகை உண்டு, பென்ஷன் கிடையாது. இன்று இருபத்தைந்து வயதில் இருக்கும் அவர்களுக்கு இது வெகு தூரத்துக் கவலை. ஆனால் 1965-ல் சேர்ந்தவருக்கும் இருபது வயதில் அப்படித்தான் இருந்திருக்கும்.

புதுச்சேரிக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல்

இந்தியாவின் வேறு எந்தக் கிராமத்திலும் இல்லாத ஒரு அடுக்கு இங்கே இருக்கிறது. இங்குள்ள முன்னாள் படைவீரர் எந்த நாட்டின் ராணுவத்தில் இருந்தார் என்று முதலில் கேட்க வேண்டும்.

1881 செப்டம்பர் ஆணைப்படி தங்கள் பழைய தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களின் குடும்பங்களில் இருந்தும், மற்ற குடும்பங்களில் இருந்தும் பலர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார்கள். முதல் உலகப்போர், பிறகு இந்தோசீனா, பிறகு அல்ஜீரியா. ஊரில் அவர்களுக்குப் பெயர் 'சொல்தா'. முதல் உலகப்போரில் இறந்தவர்களுக்காகக் கட்டப்பட்ட நினைவுச்சின்னம் 1938-ல் திறக்கப்பட்டு, இன்றும் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நிற்கிறது. ஜூலை 14 வந்தால் விளக்கு போடுவார்கள். வார இறுதியில் அதன் முன்னால் செல்ஃபி எடுக்காத ஐ.டி. இளைஞர் குறைவு.

1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவுக்கு மாறியது. 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல்தான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகக் கேட்டவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டார்கள். கேட்காதவர்கள் இந்தியர் ஆனார்கள். ஒரே தெருவில், ஒரே வீட்டில்கூட, அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்ற நிலை அப்படித்தான் வந்தது. ஒருவரின் ஆவணங்கள் பிரெஞ்சுத் தூதரகம் வழியாக பிரான்சில் இருக்கும். இன்னொருவரின் ஆவணங்கள் இந்தியாவின் ஏதோ ஒரு ரெஜிமென்ட் மையத்தில் இருக்கும். பிரெஞ்சு ஓய்வூதியத்துக்கும் உயிர்வாழ் சான்று கேட்பார்கள். எனவே இங்கே ஒரு முதியவரின் பையில் கிடைக்கும் காகிதம் பிரெஞ்சில் இருந்தால், அதைக் குப்பை என்று நினைத்துத் தூக்கிப்போடாமல் இருக்க ஸ்டேஷனில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

நிலப்படமும் சிக்கலானது. புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டு நிலம் இல்லை. பாகூர் பக்கம் நான்கு கிலோமீட்டர் நடந்தால் கடலூர் மாவட்டம் வந்துவிடும். வில்லியனூரைத் தாண்டினால் விழுப்புரம். ஒரு ஊர் புதுச்சேரி, அடுத்த ஊர் தமிழ்நாடு, அதற்கு அடுத்தது மறுபடி புதுச்சேரி. கடலூர் மாவட்டத்தில் 'காணவில்லை' என்று புகார் பதிவாகியிருக்கும் ஆள், பாகூர் ஸ்டேஷன் எல்லையில் 'அடையாளம் தெரியாதவர்' ஆவதற்கு ஒரு வாய்க்காலைக் கடந்தால் போதும்.

உள்ளாட்சி என்ற ஒன்றும் இங்கே பாதிதான் இருக்கிறது. 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006-ல் தேர்தல் நடந்தது. 2011-ல் அந்தப் பதவிக்காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் தேர்தலே இல்லை. கம்யூன் பஞ்சாயத்தை நடத்துவது ஆணையரும் அதிகாரிகளும்தான். மயானத்தைப் பராமரிப்பது, பிறப்பு இறப்பைப் பதிவது எல்லாம் கம்யூனின் வேலை. ஆனால் 'அந்தப் பெரியவரா? அவர் கரையாம்புத்தூர்க்காரர், மூத்த மகன் சென்னையில இருக்கான்' என்று சொல்லக்கூடிய வார்டு உறுப்பினர் என்ற ஆள் நாற்காலியில் இல்லை. அடையாளம் காண்பதில் டி.என்.ஏ.வை விடவும் இந்த மாதிரி ஊர் ஞாபகம்தான் பல நேரம் வேலை செய்யும்.

ஒரு நீல நிற உறை

இந்தப் பிரச்சினையை முதலில் தீர்க்கத் தொடங்கியது ஒரு அரசு அல்ல, மருத்துவமனை ஊழியர் ஒருவர். 1908 டிசம்பர், கனடாவின் மொன்ட்ரியால். பனியில் சுருண்டு கிடந்த ஒருவரைப் போலீஸ் பொது மருத்துவமனைக்குக் கொண்டுவந்தது. குடிகாரர் என்று நினைத்தார்கள். உண்மையில் பட்டினியும் குளிரும். இரண்டு நாளில் இறந்துபோனார். ஆர்தர் ஹேர் என்ற தலைமை உதவியாளர், அவருடைய பாக்கெட்டில் ஒரு நீல நிற உறையைப் பார்த்தார். அது பிரிட்டிஷ் ராணுவத்தின் கண்ணியமான பணிவிடுப்புச் சான்று. ஜேம்ஸ் டேலி என்ற அந்த மனிதர் 20 ஆண்டுகளுக்கு மேல் படையில் இருந்தவர். ஹேரும் முன்னாள் போர்வீரர் என்பதால் அந்த உறை என்னவென்று அவருக்குத் தெரிந்தது.

கேட்க ஆள் இல்லாததால் உடல் மருத்துவ ஆராய்ச்சிக்குப் போகவிருந்தது. ஹேர் தன் நண்பர்களிடமும் சக ஊழியர்களிடமும் காசு வசூல் செய்து அடக்கம் செய்தார். அடுத்த ஆண்டு, 1909-ல், 'லாஸ்ட் போஸ்ட் ஃபண்ட்' தொடங்கியது. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அது இயங்குகிறது. இப்போது கனடா அரசே பணம் தருகிறது. 1996 முதல் கல்லறைக்கல் இல்லாமல் புதைக்கப்பட்ட பழைய வீரர்களைத் தேடிப் பிடித்துக் கல் நடும் வேலையையும் செய்கிறார்கள்.

அமெரிக்காவில் 2007-ல் தொடங்கிய ஒரு தன்னார்வ அமைப்பு, இறுதிச்சடங்கு நிலையங்களின் அலமாரிகளில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் உரிமை கோரப்படாத அஸ்திக் கலசங்களைப் பட்டியல் எடுத்து, அதில் ராணுவத்தினர் யார் என்று அரசு ஆவணங்களோடு ஒப்பிட்டு, ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்கிறது. உறவினர் இல்லாத வீரருக்குச் சவப்பெட்டியோ கலசமோ அரசே தர 2012-ல் ஒரு சட்டமும் வந்தது. இங்கிலாந்தில் 2013 அக்டோபரில், இரண்டாம் உலகப்போரில் விமானப்படையின் தரைப்பணியில் இருந்த 99 வயது முதியவர் ஒருவர் இறந்தார். இறுதிச்சடங்குக்கு வர நெருங்கிய உறவினர் யாரும் இல்லை என்று உள்ளூர்ப் பத்திரிகையில் சிறிய அறிவிப்பு வந்தது. யாரோ அதை சோஷியல் மீடியாவில் போட்டார்கள். நவம்பர் 11 அன்று லிதாம் செயின்ட் ஆன்ஸ் என்ற அந்தச் சின்ன ஊரில் நூற்றுக்கணக்கானவர்கள் மழையில் நின்றார்கள்.

நம் ராணுவமும் தன் ஆட்களின் எச்சங்களை மதிக்கத் தெரியாத அமைப்பு அல்ல. நேர்மாறு. 1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரில் இருந்து லே போகும் வழியில் 102 பேருடன் விழுந்த ஏஎன்-12 விமானத்தில் இருந்தவர்களை இன்னும் பனியில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். 2024 செப்டம்பர் கடைசியில் ரோதங் பக்கம் நான்கு உடல்கள் கிடைத்தன. பாக்கெட்டில் இருந்த காகிதங்கள் போன்றவற்றை வைத்து அடையாளம் கண்டார்கள். 56 ஆண்டு கழித்து ஒரு வீரர் கேரளத்தின் இலந்தூருக்கு, இன்னும் உயிரோடு இருக்கும் தன் உடன்பிறந்தவர்களிடம் வந்து சேர்ந்தார். பிரான்சின் வயல் ஒன்றில் 2016-ல் கிடைத்த இரண்டு எலும்புக்கூடுகளை, தோள்பட்டையில் இருந்த '39' என்ற உலோக எண்ணை வைத்து முதல் உலகப்போரின் கர்வால் ரைஃபிள்ஸ் வீரர்கள் என்று கண்டுபிடித்து, 2017 நவம்பரில் லாவென்டி கல்லறையில் புதைத்தபோது, இந்தியாவில் இருந்து அதே ரெஜிமென்ட்டின் வீரர்கள் போய் மரியாதை செய்தார்கள்.

பனிமலையில் செத்தவருக்கு 56 ஆண்டு காத்திருக்கத் தெரிந்த நாட்டில், பஸ் ஸ்டாண்டில் செத்தவருக்குச் சில நாள்தான். வித்தியாசம் எங்கே வருகிறது? முதல்வர் சாகும்போது பணியில் இருந்தார். இரண்டாமவர் ஓய்வுபெற்றுவிட்டார். ஓய்வுபெற்ற நாளில் இருந்து அவர் ராணுவத்தின் ஆள் இல்லை, சைனிக் நலத்துறையின் பயனாளி. பயனாளி என்றால் விண்ணப்பம் போட வேண்டும். செத்தவர் விண்ணப்பம் போட மாட்டார்.

எல்லா அநாதைப் பிணத்துக்கும் இல்லாத மரியாதை இவருக்கு மட்டும் ஏன்?

நியாயமான கேள்வி, நழுவக் கூடாது. கட்டட வேலைக்கு வந்து செத்த ஒடிசாத் தொழிலாளிக்கும், மகன்கள் துரத்திவிட்ட பாட்டிக்கும் உள்ள கண்ணியம் ராணுவத்தில் இருந்தவருக்கு உள்ளதைவிட ஒரு பிடி மண் அளவுகூடக் குறைந்தது இல்லை. சயாம் மரண ரயில் பாதையில் இதற்கு ஒரு கசப்பான படம் இருக்கிறது. காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 6,900 பேரின் கல்லறைகள் வெட்டிய புல்லுக்கு நடுவே வரிசையாக இருக்கின்றன. அதே பாதையில் மலேயாவில் இருந்து கொண்டுபோகப்பட்டுச் செத்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் இல்லை. கைதிக்கு எண் இருந்தது, ரெஜிமென்ட் இருந்தது, கணக்கு கேட்க ஒரு நாடு இருந்தது. கூலிக்கு எதுவும் இல்லை. போர்க்கல்லறை ஆணையமே, சாவில் எல்லோரும் சமம் என்ற கொள்கையோடு 1917-ல் தொடங்கிய அமைப்பு, ஆப்பிரிக்க, இந்திய வீரர்கள் பல்லாயிரம் பேரைச் சமமாக நினைவுகூரவில்லை என்று 2021-ல் ஒப்புக்கொண்டது.

ஆகவே படைவீரருக்கு முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் அவர் உயர்ந்தவர் என்பதல்ல. அவரை அடையாளம் காண்பது எளிது, அதனால் தவறுவதற்குச் சாக்கு இல்லை. வீடற்றவர்களின் உடலை ஆதார் கைரேகை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரு கைரேகையை நூறு கோடிக்கும் மேலான பதிவுகளோடு ஒப்பிடுவது தொழில்நுட்ப ரீதியாகச் சாத்தியமில்லை என்று 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஆதார் ஆணையம் சொல்லிவிட்டது. தனிமனித ரகசியம் பற்றிய கேள்வியும் அதில் உண்டு. ஆனால் முன்னாள் படைவீரர் என்றால் தேடும் பரப்பு சுருங்குகிறது. ஒரு யூனியன் பிரதேசத்தின் சைனிக் நலத்துறையில் பதிவானவர்கள், பக்கத்து இரண்டு மாவட்டங்களில் பதிவானவர்கள். அவ்வளவுதான். அவர்களுக்காகப் போடும் பாதையில் பிறகு மற்றவர்களும் வரலாம்.

இது வெறும் உணர்ச்சி விஷயமும் இல்லை. எங்கோ ஒரு வீட்டில் அவருடைய மனைவி இருக்கலாம். உடல் அடையாளம் காணப்படாவிட்டால் இறப்புச் சான்று இல்லை. இறப்புச் சான்று இல்லாவிட்டால் குடும்ப ஓய்வூதியம், வங்கிப் பணம், நிலம் எல்லாமே 'காணாமல் போனவர்' என்ற தனிப் பாதையில் சிக்கும்: போலீஸ் புகார், தேடிக் கிடைக்கவில்லை என்ற அறிக்கை, காத்திருப்பு. ஒருவர் இறந்துவிட்டதாகச் சட்டம் தானாக எடுத்துக்கொள்ள ஏழு ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்தப் பெண் சுமங்கலியும் இல்லை, விதவையும் இல்லை. இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு மயானத்தில் அவருக்கான பதில் புதைந்திருக்கும்.

எரிக்கலாமா, புதைக்கலாமா?

அடையாளம் தெரியாதவர் என்றால் புதைப்பதுதான் சரி. இதில் மதம் ஒரு காரணம் என்றால், நடைமுறை இன்னொரு காரணம். எரித்தால் கதை முடிந்தது. புதைத்தால், ஆறு மாதம் கழித்து ஒரு மகள் போட்டோவைப் பார்த்துவிட்டு வந்தால் தோண்டிப் பார்க்கலாம். டி.என்.ஏ. மாதிரியும் எடுத்து வைத்திருந்தால் தோண்ட வேண்டிய அவசியம்கூட வராது. அடையாளம் தெரிந்து, குடும்பம் வர மறுத்தால் அது வேறு. அப்போது அவருடைய வழக்கப்படி எரியூட்டி, அஸ்தியைத் திருக்காஞ்சியில் சங்கராபரணி ஆற்றில் கரைக்கலாம். ஊர் ஊராக மக்கள் திதி கொடுக்க வரும் கங்கைவராக நதீஸ்வரர் கோயில் வில்லியனூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

எங்கே புதைப்பது என்பதுதான் கிராமத்தில் பெரிய தலைவலி. பல ஊர்களில் மயானம் என்பது பொதுவான இடமே இல்லை. இந்தச் சாதிக்கு இது, அந்தச் சாதிக்கு அது, பாதையும் தனி. சாதி தெரியாத பிணத்துக்கு எந்த மயானம்? பதில் பெரும்பாலும் ஒரு புறம்போக்கு மூலை. கல் கிடையாது, எண் கிடையாது. அடுத்த மழைக்கு மேடு கரைந்துவிடும். வில்லியனூரும் பாகூரும் 1880-ல் பிரெஞ்சு ஆட்சி கம்யூன்களை ஏற்படுத்தியபோதே கம்யூன்கள் ஆனவை. அந்தக் கம்யூன் முறையின் தாய்நாட்டில், ஊரில் யார் இறந்தாலும் மதம், நம்பிக்கை பார்க்காமல் கண்ணியமாக அடக்கம் செய்வது மேயரின் கடமை என்று சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு அந்தக் கடமையை இங்கே இறக்குமதி செய்யாமல் விட்டது நஷ்டம்தான். ஒவ்வொரு கம்யூனிலும் சில சென்ட் நிலம், எண் பொறித்த கல், அந்த எண்ணோடு போட்டோவும் உடைமைகளின் பட்டியலும் இருக்கும் ஒரு பதிவேடு போதும். இதற்கு வெளிநாட்டு மாடல் எதுவும் தேவையில்லை.

தேசியக்கொடி போர்த்துவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனசோடு செய்கிற பலர் இங்கே தவறுகிறார்கள். அரசு, ராணுவ, துணை ராணுவ இறுதிச்சடங்கு தவிர வேறு எங்கும் உடல் மீது தேசியக்கொடியைப் போர்த்த 2002 கொடிச் சட்ட விதிகள் அனுமதிப்பதில்லை. 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டமும் இதைத் தடுக்கிறது. போர்த்தினாலும் அதைக் குழிக்குள் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது. துப்பாக்கி மரியாதை ஓய்வுபெற்ற எல்லோருக்கும் உரியதும் அல்ல. அதனால் மரியாதை செய்யவே முடியாது என்று அர்த்தம் இல்லை. ஊரில் இருக்கும் நான்கு முன்னாள் படைவீரர்கள் மெடல் குத்திக்கொண்டு வந்து அட்டென்ஷனில் நின்று ஒரு சல்யூட் வைத்தால் எந்தச் சட்டமும் தடுக்காது. வாய்க்கரிசி போடவும் அதே நாலு பேர் போதும்.

சென்னையில் 2021 ஏப்ரலில் மாநகரக் காவல்துறை 'காவல் கரங்கள்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. சாலையோரம் தவிப்பவர்களை மீட்பது, உரிமை கோரப்படாத உடல்களைத் தன்னார்வலர்களோடு சேர்ந்து அடக்கம் செய்வது இரண்டையும் அது ஒரே கூரைக்குள் கொண்டுவந்தது. இந்த இரண்டையும் சேர்த்ததுதான் அதில் புத்திசாலித்தனம். நேற்று வரை நடைபாதையில் பேசிக்கொண்டிருந்தவர்தான் இன்று அடையாளம் தெரியாதவர் ஆகிறார். உயிரோடு இருக்கும்போது ஒருமுறை பெயரைக் கேட்டு எழுதி வைத்திருந்தால், செத்தபின் தேட வேண்டியதே இல்லை.

புதுச்சேரியில் இதற்குப் புதிய துறை வேண்டாம், புதிய கட்டடமும் வேண்டாம். பிரேத விசாரணைப் படிவத்தோடு 'படையில் இருந்ததற்கான அடையாளம் ஏதேனும் உண்டா' என்று ஒரு வரி. இருந்தால் அன்றே சைனிக் நலத்துறைக்கும், காகிதம் பிரெஞ்சில் இருந்தால் பிரெஞ்சுத் தூதரகத்துக்கும், எப்படியிருந்தாலும் கடலூர், விழுப்புரம் காவல்துறைக்கும் போட்டோ. அங்கிருந்து பதில் வரும்வரை உடலை யாருக்கும் கொடுக்கக் கூடாது. மாவட்ட ஆட்சியரின் ஒரு சுற்றறிக்கையில் அடங்கும் விஷயம் இது. அதைவிட முக்கியமானது, நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்காதவர்களின் பட்டியலை டிசம்பரில் ஒருமுறை எடுத்து, வீடு வீடாக ஆள் அனுப்பிப் பார்ப்பது. டிசம்பர் 7 கொடிநாள் அன்று உண்டியல் குலுக்க என்.சி.சி. மாணவர்களை அனுப்புகிறார்கள். அதே மாணவர்களிடம் ஆளுக்கு ஐந்து முகவரி கொடுத்தால் இரண்டு கம்யூனையும் ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிடலாம்.

தெருவில் பார்க்கிற நமக்கும் ஒரு வேலை உண்டு, அதற்கு இரண்டு நிமிடம் ஆகும். 'மிலிட்டரி தாத்தா' என்று யாரையாவது கூப்பிடக் கேட்டால், அவரிடம் போய் பெயரைவிட முதலில் நம்பரைக் கேளுங்கள். நினைவு தப்பிய நிலையிலும், பிள்ளைகளின் பெயர் மறந்த நிலையிலும் ஆர்மி நம்பரைத் தடுமாறாமல் ஒப்பிக்கும் பெரியவர்கள் உண்டு. அதைக் குறித்துக்கொண்டு சைனிக் நலத்துறைக்குச் சொல்லுங்கள். எங்கே சொல்வது என்று தெரியாவிட்டால் முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. அவர் ஒருவேளை நம்பரோடு சேர்த்து, எந்த ரெஜிமென்ட், எந்த ஊரில் போஸ்டிங், எந்த வருஷம் எந்த மலையில் குளிரில் நின்றார் என்று ஆரம்பித்துவிடலாம். அப்போது இரண்டு நிமிடம் பத்தாது.